தகுதியில்லாத பெட்டி

காலையில் கடையைத் திறந்ததும் கிரேசிக்கு முதலில் வருவது குமட்டல். சாக்கடையோ மீன்வாடையோ அதற்குக் காரணமில்லை. அவள் கடற்கரையில் பிறந்தவள். மீன்வாடையில் பல் முளைத்தவள். அவளுக்குக் குமட்டுவது கம்ப்யூட்டரின் முகத்தைப் பார்த்துத்தான். ஸ்விட்சைப் போட்டதும், திரையில் அவள் வைத்திருக்கிற மாதா படம் தெரிவதற்கு முன்னாலேயே ஒரு நீலக் கட்டம் வந்து உட்காரும். உங்கள் சிஸ்டத்தின் காலம் முடிந்துவிட்டது, புதியதற்கு மாறிக்கொள்ளுங்கள் என்று சொல்லும். சரி, மாறித்தான் பார்ப்போமே என்று அமுக்கினால், உங்கள் கம்ப்யூட்டருக்கு அதற்குத் தகுதியில்லை என்றும் அதுவே சொல்லும்.

“வா வான்னு கூப்பிடவும் செய்யுது, போனா வாசல்ல நிறுத்தவும் செய்யுது. சவம், இது என்ன மரியாதை?” என்று சொல்லிக்கொண்டு, ஈயை விரட்டுகிற மாதிரி அந்தக் கட்டத்தைத் தள்ளிவிடுவாள். மறுநாள் காலையில் அது திரும்பவும் வந்து நிற்கும்.

கிரேசிக்கு வயது ஐம்பத்துமூன்று. தக்கலை பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் தட்டுகிற அகலத்தில் அவளுக்கு ஒரு கடை. உள்ளே ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு பிரிண்டர், இந்தக் கம்ப்யூட்டர்ப் பெட்டி, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. புருஷன் செல்வதாஸ் மஸ்கட்டில் டிரைவர். ஒரு காலத்தில் கல்யாணக் கார்டெல்லாம் அடித்தாள். இப்போது கல்யாண அழைப்பு போனிலேயே போய்விடுகிறது. செத்தவர்களைத்தான் இன்னும் சுவரில் ஒட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகையால் கிரேசியின் அடுப்பு எரிவது மரண போஸ்டரில். சொல்ல நன்றாக இல்லை. ஆனால் உள்ளது அதுதான்.

கடற்கரை ஊர்களில் விடியற்காலையில் மூச்சு நின்றால் சாயங்காலம் நாலு மணிக்கு அடக்கம். பத்து மணிக்குள் போஸ்டர் சுவரில் ஏறியாக வேண்டும். ஏறாவிட்டால் அடுத்த ஊர்ச் சொந்தக்காரன், எனக்கு யாரும் சொல்லவில்லை என்று வருஷக்கணக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிவான். தக்கலையில் பளபளவென்று ஃபிளெக்ஸ் அடிக்கிற கடைகள் நாலு இருக்கும்போது கடற்கரைக்காரர்கள் கிரேசியைத் தேடி வருவது அவளுடைய வேகத்துக்காக. அந்த வேகம் அவளுடைய விரலில் மட்டும் இல்லை. ஒரு வீட்டில் தகப்பன் செத்தபோது அடித்த போஸ்டரை அவள் அழிக்கவே மாட்டாள். தாய் சாகும்போது அதையே திறப்பாள். பிள்ளைகள் அதே பிள்ளைகள், மருமக்கள் அதே மருமக்கள். யார் பெயருக்குப் பக்கத்தில் துபாய், யார் பெயருக்குப் பக்கத்தில் விசைப்படகு என்பதுவரை அடித்துத் தயாராகக் கிடக்கும். அவர் பெயர் இருந்த இடத்தில் அந்த அம்மா பெயரை வைத்து, இடையில் பிறந்த பேரப்பிள்ளைகளைச் சேர்த்தால் இருபது நிமிஷத்தில் வேலை முடிந்தது. இருபத்தைந்து வருஷமாகச் சேர்ந்தவை அவை. பெட்டிகள் மூன்று மாறிவிட்டன. ஃபைல்கள் மட்டும் பெட்டி விட்டுப் பெட்டி வந்து, இன்றைக்கு ஆயிரம் வீட்டுக்கு மேல் உள்ளே கிடக்கின்றன.

இப்போது வந்த சங்கடம் இதுதான். அந்த ஆயிரம் வீடும் பழைய காலத்துக் கம்ப்யூட்டர்த் தமிழ் எழுத்தில் இருக்கிறது. அந்த எழுத்து தெரிய வேண்டுமென்றால் பெட்டியின் பின்பக்கம் பென்டிரைவ் மாதிரி கட்டைவிரல் நீளத்தில் ஒரு பூட்டு செருகியிருக்க வேண்டும். அதை விற்ற கடை நாகர்கோவிலில் மூடிப் பத்து வருஷம் ஆகிறது. புது சிஸ்டத்தில் அந்தப் பூட்டு வேலை செய்யாது. ஆக, சிஸ்டத்தை மாற்றினால் ஒரு வீடும் திறக்காது. கிரேசியும் மற்றக் கடைக்காரர்களைப் போல ஒன்றிலிருந்து அடிக்க வேண்டும். மாற்றாவிட்டாலோ, சான்றிதழ் விண்ணப்பம், பட்டா நகல் என்று வருகிற இணைய வேலைகள் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தன. போன வாரம் புது பிரிண்டரும் இந்தப் பெட்டியோடு பேச மாட்டேன் என்றுவிட்டது.

அதனால்தான் லிஜினைக் கூப்பிட்டாள். லிஜின் நெய்யூர்க்காரன். குவைத்தில் ஐந்து வருஷம் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்த்துவிட்டு வந்து, இப்போது வீடு வீடாகப் போய் ரிப்பேர் செய்கிறான். செவ்வாய்க்கிழமை மதியம் வந்தான். அவன் வருவதற்கு முன்னால் அவனுடைய சென்ட் வாடை வந்தது. கிரேசி மூக்கைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

“அக்கா, இன்னும் பழைய சிஸ்டம் டென்னிலயா இருக்கிய? அய்ய!” என்றான் திரையைப் பார்த்து.

“அய்யவா? நான் என்ன பீயிலயா சவுட்டிட்டு நிக்கேன்?”

“அதில்லக்கா. உலகமே லெவனுக்குப் போயாச்சு. இனி இதுக்குப் பாதுகாப்பு கிடையாது. கதவத் தொறந்து போட்ட வீடு மாதிரி. எவன் வேணும்னாலும் கேறுவான்.”

“கேறி என்னத்த எடுப்பான்? செத்தவங்க பேரையா? எடுத்தோண்டு போட்டும்.”

லிஜின் சிரித்துக்கொண்டே எதையெதையோ தட்டினான். “இதுக்குள்ள ஒரு சின்ன சிப் இல்ல. அதான் தகுதியில்லன்னு காட்டுது. சாரமில்ல, அது பெரிய காரியமில்ல. பின்வாசல் வழியா ஏத்தித் தரலாம். நெறய பேருக்கு ஏத்திக் கொடுத்திருக்கேன்.”

“தகுதியில்லன்னு மொகத்துக்கு நேரா சொல்லுதவன் வீட்டுக்கு நான் பின்வாசல் வழியா போணும், இல்லியா? எனக்கு நாணமில்லியா லிஜினே?”

பூட்டைப் பற்றிச் சொன்னாள். ஆயிரம் வீட்டைப் பற்றியும் சொன்னாள். அதற்கெல்லாம் கன்வெர்ட்டர் இருக்கிறது, பழைய எழுத்தை நொடியில் புது எழுத்தாக மாற்றிவிடும் என்றான். “ஏதாவது ஒரு ஃபைல் தாங்க, எனக்க லேப்டாப்பில இப்பமே காட்டுதேன்.” கிரேசி தன் அப்பாவின் போஸ்டரையே பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாள். பரீட்சை என்று வந்தால் சொந்த அப்பாவை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஒரு எண்ணம்.

அவனுடைய லேப்டாப்பில் முதலில் வந்தது தமிழே இல்லை. யாரோ தின்றதைத் துப்பிவைத்த மாதிரி இங்கிலீஷ் எழுத்தும் புள்ளியும் கொக்கியும். நடுவில் அப்பாவின் படம் மட்டும் ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தது. லிஜின் இன்னொன்றைத் தட்டினான். தமிழ் வந்தது. ஆனால் அப்பாவின் பெயரில் பாதி அம்மாவின் பெயருக்குள் புகுந்திருந்தது. மருமக்கள் வரிசை பேரப்பிள்ளைகள் மேல் ஏறிக் கிடந்தது.

“தொண்ணூறு சதமானம் சரியா வந்துட்டுல்லா?” என்றான் லிஜின்.

“உனக்குக் கட்டப்போற பொண்ணுக்கு மூக்கு தொண்ணூறு சதமானம் இருந்தா போதுமா?”

“பாக்கிய கையால திருத்திக்கலாம்கா.”

“ஆயிரம் பேரையா? அதுக்கு முன்ன எனக்க போஸ்டர் அடிக்கணும். நீ லேப்டாப்ப மூடு, கண்டா குமட்டி ஓங்கரிக்குது.”

அவன் கோபப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் யோசித்துச் சொல்லுங்கள் என்று ஒரு காப்பியைக் குடித்துவிட்டுப் போனான். போகும்போது, “பெட்டிய ஒருக்கா தொறந்து தொடச்சாவது வைங்க” என்றான். அவன் சொன்ன அந்த ஒரு காரியத்தை மட்டும் கிரேசி மறுநாள் செய்தாள். பக்கத் தகட்டைக் கழற்றினால் உள்ளே கரப்பான் கால்கள், பல்லி முட்டைத் தோடு, எலியின் கறுப்புக் கறுப்பான எச்சம், அத்தனைக்கும் மேலே தலைமுடி சேர்ந்த தூசி. வருஷக்கணக்காகத் தினமும் காலையில் தொட்டுக் கும்பிட்டு உட்கார்ந்த பெட்டி. பிரஷ்ஷால் தட்டத் தட்ட வந்துகொண்டே இருந்தது. சோப்புப் போட்டு மூன்று தரம் கையைக் கழுவியும் அன்றைக்கு மதியச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் அவள் மனம் மாறவில்லை. அழுக்கு பெட்டியில்தானே, ஃபைலில் இல்லையே என்று சொல்லிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழேகாலுக்குக் கடைக்கு முன்னால் ஒரு பைக் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் பெனின். பின்னால் இருந்தவள் அவன் தங்கை ஷிபா. அவள் கண் வீங்கியிருந்தது. கிரேசிக்குக் கேட்காமலே தெரிந்தது. அவர்களுடைய அம்மா நேசம்மாள் போய்விட்டாள்.

“எப்பம் மக்கா?”

“அஞ்சு மணிக்கு” என்றான் பெனின். “நாலு மணிக்கு அடக்கம். அப்பாவுக்க போஸ்டர் உங்ககிட்ட கிடக்கும்லாக்கா? அதையே எடுங்க. அதுல உள்ளபடியே அம்மைக்கும் போட்டுத் தாங்க. உள்ளபடியே.”

அந்த ‘உள்ளபடியே’யை அவன் இரண்டு தரம் சொன்னது கிரேசிக்கு அப்போது உறைக்கவில்லை. திரை அவள் பக்கம் திரும்பியிருந்தது. அவர்கள் இருவரும் மேஜைக்கு அந்தப் புறம் நின்றார்கள். நீலக் கட்டத்தைத் தள்ளிவிட்டு சூசைமிக்கேல் என்ற பெயரைத் தேடி அமுக்கினாள். பதினோரு வருஷத்துக்கு முந்திய போஸ்டர், ஒரு எழுத்துக் கலையாமல், நேற்று அடித்த மாதிரி வந்து நின்றது. கட்டை மீசையோடு சூசைமிக்கேல். கீழே, வருந்தும் மகன் பெனின், மகள் ஷிபா.

அந்த வீட்டில் பிள்ளைகள் மூன்று.

மூத்தவன் சிலுவைதாசன். இரணியலில் பெண்கட்டி, கடலை விட்டுவிட்டு மாமியார் வீட்டோடு போய்விட்டான். ரயில் நிலையத்தில் ஆட்டோ ஓட்டுகிறான். தகப்பன் படுக்கையில் கிடந்தபோது, கடலுக்கு வராதவன் பெயர் என் போஸ்டரில் வரக்கூடாது என்று சொல்லியிருந்தார். அன்றைக்கும் பெனின்தான் வந்தான். கிரேசி வழக்கம்போல மூன்று பேரையும் அடித்துவிட்டிருந்தாள். பெனின் சொன்னதும், ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. விரலை அழிக்கிற கட்டையின் மேல் வைத்து, முதல் பெயரை எழுத்து எழுத்தாக அழித்தாள். வேலைக்காரிக்கு வீட்டு வழக்கு எதற்கு என்று அன்றைக்கு நினைத்திருந்தாள்.

இந்த மூன்று வருஷமாகச் செவ்வாய்க்கிழமைதோறும் சிலுவைதாசனின் ஆட்டோ இந்தக் கடை வாசலில் நின்றிருக்கிறது. அம்மாவை நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிற வழியில், காப்பீட்டுத் தாள்களை ஜெராக்ஸ் எடுக்க வருவான். நேசம்மாள் பின்சீட்டில் சாய்ந்தபடியே சத்தம் கொடுப்பாள். “ஏட்டி கிரேசி, எனக்க போஸ்டருக்கு நல்ல எடம் பாத்து வச்சிருக்கியா? வெயில் படாத செவரா பாரு, நான் கறுத்துப் போவேன்.” பெற்றவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றுவதையும் இறக்குவதையும் கிரேசி கண்ணால் கண்டவள். அந்தத் தாள்களில் அவன் பெயரை எத்தனை தரம் நகலெடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

திரையில் அவன் பெயர் இருந்த இடம் தெரியவே இல்லை. அவ்வளவு சுத்தமாக அழித்திருந்தாள். ஞாயிறு வரைக்கும் யோசிக்க இதில் என்ன இருக்கிறது, ஆயிரம் வீட்டையும் விட்டுவிட முடியுமா என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தாளே, அந்த ஆயிரம் வீட்டில் ஒரு வீடு இது. புதன்கிழமை தகட்டைக் கழற்றியபோது வந்த அதே ஓங்கரிப்பு இப்போது அடிவயிற்றிலிருந்து வந்தது. குடும்பங்களைக் காப்பாற்றி வைத்திருப்பதாக நினைத்திருந்தாள். காப்பாற்றி வைத்திருந்தது செத்தவனின் வீம்பையும் இருக்கிறவனின் பொறாமையையும். மூன்று பெட்டி மாறியும் அதில் ஒரு எழுத்துக்கூடக் கெடவில்லை. இன்றைக்கு அதன் தலையில் தாயின் படத்தை ஒட்டித் திரும்பவும் சுவரில் ஏற்றச் சொல்கிறான். இன்னும் எத்தனை வீட்டில் எத்தனை பெயரை இந்த விரல் அழித்திருக்கிறதோ, அவளுக்கே நினைவில்லை.

ஃபைலை மூடினாள்.

“தொறக்கல்ல மக்கா.”

“என்னது?”

“சிஸ்டம் மாத்தியாச்சு. இனி பழைய எழுத்து ஒண்ணும் வராது.”

ஃபைல் திறந்தபோது பெனின் மேஜைக்கு மேலாக ஒரு தரம் எட்டிப் பார்த்திருந்தான். “இப்பம் அப்பாவுக்க மொகத்தக் கண்டேனே.”

“படம் தெரியும். எழுத்து தெரியாது. லிஜின்கிட்ட வேணும்னா கேளு. கன்வெர்ட்டர்ல போட்டா உனக்க பேரு உனக்க அம்மைக்க பேருல ஏறிக் கிடக்கும், அது போதுமா?”

கிரேசி இருபத்தைந்து வருஷத்தில் வாடிக்கைக்காரனிடம் சொன்ன முதல் பொய் இது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இத்தனை தெளிவாகச் சொன்ன பொய் இதுதான். ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, “வாயால சொல்லு. ஒண்ணிலிருந்து. மூத்தது யாரு?” என்றாள்.

பெனின் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“உங்களுக்குத் தெரியாததாக்கா?”

“எனக்கு ஆயிரம் வீடு. எல்லாம் மனசிலயா கிடக்கும்? நீ சொல்லுதத நான் அடிப்பேன்.”

“அப்பம் அடிங்க. மூத்த மகன் பெனின்.”

கிரேசி அடித்தாள். அடித்துவிட்டுத் திரையை ஷிபாவின் பக்கம் திருப்பினாள். “சரியான்னு நீயும் ஒருக்கா பாத்துக்கோ மோளே. செவர்ல ஏறினா பொறவு மாத்த முடியாது.”

ஷிபா பார்த்தாள். முதலில் உதடு கோணியது. பிறகு கோணல் நேராகி, கடற்கரைப் பெண்ணின் குரல் வெளியே வந்தது.

“மூத்த மகனாக்கும்! ஏண்ணே, அம்மைய செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை தூக்கிட்டு அலஞ்சது நீயா? மூணு வருசத்தில ஒரு நாள் நீ ஆசுபத்திரி வாசல் சவுட்டியிருக்கியா?”

“ஏட்டி, சும்ம இரி. அப்பா சொன்னது உனக்கும் தெரியும்.”

“தெரியும். கடலுக்கு வராதவன் பேரு வரப்பிடாதுன்னாவ. நீ கடலுக்குப் போயி எத்தன வருசமாச்சு? குளச்சல்ல ஏசி போட்டுச் செல்போனுக்கு உறை வித்துட்டு இருக்க. உனக்க பேரு மட்டும் எப்படி வரும்? அப்பம் எனக்க பேர மட்டும் போடுங்கக்கா. நானும் கடலுக்குப் போவல்ல, பொம்பளங்கதுனால மாப்பு கிடைக்கும்லா?”

கிரேசி சிரிக்கவில்லை. சிரித்தால் காரியம் கெடும். இந்த வாக்குவாதத்திலேயே மணி எட்டரை ஆகிவிட்டது. பெனின் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்தான். வெளியே போகிற பஸ்ஸைப் பார்த்தான். கசந்த மருந்தை வாயிலிருந்து வழியவிடுகிறவன் மாதிரி ஒரு பெயரைச் சொன்னான்.

“கேக்கல்ல மக்கா.”

“சிலுவைதாசன். அடிங்க.”

“பொண்டாட்டி?”

“பிரிஜா.”

“புள்ளைய?”

அவன் வாயைத் திறந்தான், மூடினான். தெரியவில்லை. தம்பி என்று பிறந்தவனுக்கு அண்ணன் பிள்ளையின் பெயர் தெரியவில்லை. “ஒரு பொண்ணு. ஆதிரா. ஒம்பதாம் கிளாஸ்” என்று ஷிபா சொன்னாள். கிளாஸை யாரும் கேட்கவில்லை.

படம் வேண்டுமே என்றதும் ஷிபா தன் போனை நீட்டினாள். நேசம்மாள் நல்ல வெளிச்சத்தில், எதையோ கிண்டல் செய்கிற முகத்தோடு இருந்தாள். முதுகுக்குப் பின்னால் ஆட்டோ சீட்டின் சிவப்பு ரெக்சின். வேறு படமே கிடையாது என்றாள் ஷிபா. பெனின் பார்த்துவிட்டுப் போனைக் கிரேசியின் பக்கம் தள்ளினான். கிரேசி ரெக்சினை எடுத்துவிட்டு ஆகாயத்தை வைத்தாள். காதோரம் சிவப்பு கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் துடைக்க நேரமில்லை.

ஒன்றிலிருந்து அடித்ததில் போஸ்டர் முடிய மணி பத்தே முக்கால். கடற்கரைக்காரர்களின் வேலையில் கிரேசி தாமதித்தது அதுதான் முதல் தடவை. அடுத்த ஊர்க்காரர்கள் அடக்கத்துக்குப் பிந்தி வந்து, கிரேசியின் கையும் தளர்ந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்களாம். சிலுவைதாசன் வந்து நன்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்திருக்கும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அழித்தவளும் அவள்தானே.

சாயங்காலத்துக்குள், கிரேசியின் சிஸ்டம் மாறிவிட்டது, பழைய போஸ்டர் ஒன்றும் திறக்காது என்று ஊரெல்லாம் பரவிவிட்டது. இனி யாருக்காவது பழைய ஃபைலைத் திறந்தால் பெனின் சும்மா விடுவானா? கிரேசி லிஜினுக்கு போன் செய்தாள்.

“நாளைக்கு வா. பின்வாசலோ சன்னலோ, எது வழியா வேணும்னாலும் ஏத்து.”

“கொள்ளாம்கா, நல்ல காரியம்! பழசையெல்லாம் கன்வெர்ட்டர்ல போட்டிருவமா? நேரமாவும், ஆனா செய்யலாம்.”

“படங்கள மட்டும் எடு. எழுத்து வேண்டாம்.”

“அய்யோ, ஆயிரம் வீடு அக்கா! மனசு மாறின பொறவு என்னைக் குறை சொல்லப்பிடாது.”

“மனசு மாறல்ல, மனசு மறிஞ்சு அருவருத்துப் போச்சு. ஒவ்வொருத்தனும் வந்து அவனவனுக்க வாயால சொல்லட்டும். சொல்ல நாணமா இருந்தா ஃபிளெக்ஸ் கடைக்குப் போட்டும். நீ வரும்ப அந்த சென்ட்டு மட்டும் பூசாத வா.”

சனிக்கிழமை லிஜின் சென்ட்டைப் பூசிக்கொண்டே வந்தான். மாலை வரை பெட்டி தானாக அணைந்து தானாக எரிந்தது. கடைசியில் ஒரு புதுத் திரை வந்தது. மாதா இல்லை, ஏதோ நீலத் துணியைச் சுருட்டி வைத்த மாதிரி ஒரு படம். அதற்கு முன்னால் ஒரு கட்டம் வந்து, உங்கள் பெயர் என்ன என்று கேட்டது.

“இத்தன வருசம் முன்னால உக்காந்திருக்கேன், இதுக்கு எனக்க பேரு தெரியாதா?” என்று கிரேசிக்குப் பொங்கிக்கொண்டு வந்தது.

“புதுசுல்லாக்கா, அதுக்கு ஒண்ணும் தெரியாது. நீங்கதான் சொல்லணும்.”

பழைய பூட்டைப் பிடுங்கி மேஜை மேல் வைத்திருந்தான் லிஜின். அதில் ஒரு கரப்பான் கால் ஒட்டியிருந்தது. கிரேசி பூட்டையே ஒரு தாளால் எடுத்துக் குப்பையில் போட்டாள். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். முகத்தைச் சுளித்தபடியே, புது எழுத்து முறையில் எந்த எழுத்து எங்கே இருக்கிறதென்று ஒவ்வொன்றாகத் தேடி, தன் பெயரை அடிக்கத் தொடங்கினாள்.